சின்னப் படைக்கு என்ன குறை: இன்னொரு நாயகனா, ஒரு டாங்கா?

கஸ்டோடிஸ் என்ற படையின் ஐந்து கஸ்டோடியன் கார்ட் வீரர்கள் ஒரு லேண்ட் ரைடர் டாங்க் மேல் பாய்கிறார்கள். சிறு உருவங்களை மேசையில் நிறுத்தி ஆடும் வார்ஹாமர் 40,000 போர் ஆட்டத்தின் பத்தாம் பதிப்பு விதிப்படி ஆளுக்கு 5 அடி, ஆக 25 பகடை. 2+ (2 அல்லது அதற்கு மேல்) விழுந்தால் அடி படும்; சராசரியாக 21 தேறும். ஈட்டியின் பலம் 7, டாங்கின் கடினம் 12. பலம் குறைவாக இருப்பதால் 5+ விழுந்தால்தான் காயம். 21 ஏழாகச் சுருங்கிவிடும். டாங்கின் காப்பு 2+. ஈட்டியின் ஊடுருவல் அதை 4+ ஆக இறக்குகிறது, ஏழில் பாதி அங்கே நின்றுபோகும். மிஞ்சுவது மூன்றரைக் காயம், ஒவ்வொன்றுக்கும் 2 சேதம். மொத்தம் 7. லேண்ட் ரைடருக்கு உயிர் 16. கஸ்டோடிஸுக்கே உரிய கா'டா போர்முறையில் லீத்தல் ஹிட்ஸ் (6 விழுந்த அடி தானாகவே காயமாகும் விதி) எடுத்துக்கொண்டாலும் கணக்கு பத்தை எட்டாது.

பேரரசரின் மெய்க்காவலர்களே ஒரு சுற்றில் ஒரு டாங்கை உடைக்க முடியவில்லை என்பதில் தவறு ஏதுமில்லை. ஈட்டி பிடித்த காலாள் டாங்கை உடைக்கத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. அப்படியானால் அந்தப் படையில் டாங்கை யார் உடைப்பார்கள்? ஸ்பேஸ் மரீன் ஆடுபவரைக் கேட்டால் மூச்சுவிடாமல் பத்துப் பதில் சொல்வார். கஸ்டோடிஸ் ஆடுபவர் விரல்விட்டு எண்ணுவார். லேண்ட் ரைடர், கண்டெம்ப்டர் டிரெட்நாட், அப்புறம், ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் கிளையான ஃபோர்ஜ் வேர்ல்டின் ரெசின் கிட்டாக வந்த கலேடியஸ் கிராவ்-டாங்க். ரெசின் என்றால் தெரியுமே: அச்சுப் பூச்சு போக சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், வளைந்து வந்த தகட்டை வெந்நீரில் முக்கி நிமிர்த்த வேண்டும், பிளாஸ்டிக் சிமெண்ட் ஒட்டாது என்பதால் சூப்பர் குளூதான் கதி. புதிதாகப் படை சேர்க்க வருபவரிடம் முதல் மாதமே இதைச் சொன்னால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

சின்னப் படைகளை விரிக்க வேண்டுமா என்ற விவாதம் ஒவ்வொரு கோடெக்ஸ் (ஒரு படையின் விதிப்புத்தகம்) வெளியீட்டின்போதும் கிளம்புகிறது. ஒரு தரப்பு ‘எங்களுக்கும் ஐம்பது யூனிட் வேண்டும்’ என்கிறது. மறு தரப்பு ‘சின்னதாக இருப்பதே அதன் அழகு’ என்கிறது. இரண்டு தரப்பும் டேட்டாஷீட்டுகளை, அதாவது ஒவ்வொரு யூனிட்டுக்கும் உரிய விதித்தாள்களை, எண்ணுகின்றன. எண்ண வேண்டியது வேலைகளை. ஒரு படையால் களத்தில் செய்யவே முடியாத வேலை ஒன்று இருந்து, அது அந்தப் படையின் இயல்பான பலவீனமாகவும் இல்லாமல், வெறும் விடுபடலாக இருந்தால் அங்கே ஒரு கிட் வர வேண்டும். மற்ற இடங்களில் கை வைக்காமல் விடுவது நல்லது.

எது சின்னது?

கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2020 அக்டோபரில் தன் இன்னொரு ஆட்டமான ஏஜ் ஆஃப் சிக்மாருக்குச் சன்ஸ் ஆஃப் பெஹெமாட் என்ற படையைக் கொண்டுவந்தது. முழுக்க முழுக்க அரக்கர்கள். கடையில் வாங்க வேண்டியது இரண்டே வகைப் பெட்டி. ஒன்று புதிய மெகா-கர்கண்ட். ஒரே பெட்டியின் உதிரிகளை மாற்றி ஒட்டினால் மூன்று விதமாக அமையும். இன்னொன்று பழைய ஜயண்ட் கிட், மான்கிரஷர் என்ற புதுப் பெயரில். நான்கு மெகா-கர்கண்டுகள் மேசையில் நின்றாலே முழு ஆட்டத்துக்கான படை ஏறக்குறைய தயார். இதைவிடச் சிறிய படை அந்த ஆட்டத்தில் இல்லை. ஆனாலும் இதை விரிக்கச் சொல்லி நான் வாதாட மாட்டேன். படையின் கருத்தே அதுதான்: எண்ணிக்கை இல்லை, உருவம் இருக்கிறது. எதிராளிக்கும் அது முதல் சுற்றிலேயே புரிந்துவிடும்.

வார்ஹாமர் 40,000-இன் ஹார்லெக்வின்ஸ் வேறு கதை. 2015-இல் தனி கோடெக்ஸ் கிடைத்தது. எட்டாம் பதிப்பில்கூட மொத்தமே எட்டு டேட்டாஷீட்: ட்ரூப், ட்ரூப் மாஸ்டர், ஷேடோசீர், டெத் ஜெஸ்டர், சாலிட்டேர், ஸ்கைவீவர் பைக், ஸ்டார்வீவர், வாய்ட்வீவர். எட்டில் நான்கு தனி நாயகர்கள். 2022 கோடெக்ஸில் வாய்ட்வீவரின் புள்ளி விலை (படை அமைக்கும்போது ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் விலை) மலிவாகப் போய்விட்டது. உடனே ஒன்பது வாய்ட்வீவர் அடுக்கிய படைகள் போட்டி மேசைகளை நிரப்பின. விலையை ஏற்றினார்கள், அது நியாயம்தான். ஆனால் அதுவரை அந்த யூனிட்டை நம்பி வாங்கியவருக்கு மாற்றாக வைக்க எதுவும் இல்லை. ட்ரூப்பும் பைக்கும் ஏற்கெனவே படையில் இருந்தன.

சின்னப் படையின் உண்மையான சங்கடம் இதுதான். பெரிய படையில் ஒரு யூனிட்டின் விலை ஏறினால் ஆடுபவர் அலமாரியில் இருந்து வேறொன்றை எடுப்பார். எட்டு யூனிட் படையில் ஒன்றின் விலை ஏறினால் மொத்தப் படையும் சாயும், இறங்கினால் மொத்தப் படையும் எகிறும். புள்ளிகளைத் திருத்துபவர்களுக்கும் நடுவில் நிற்க இடம் இல்லை. 2022-இல் குள்ளர் இனத்தின் படையான லீக்ஸ் ஆஃப் வோட்டான் வந்தபோது இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. முதல் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்ததுமே, எதிரி யூனிட்டுகள் மேல் வைக்கும் தீர்ப்பு வில்லைகளின் கணக்கு அளவுக்கு மீறியது என்று ஆடுபவர்கள் சொல்லிவிட்டார்கள். முழு வரிசையும் கடைக்கு வந்து சேருவதற்குள்ளேயே திருத்தம் வெளியானது.

பத்தாம் பதிப்பின் 2000 புள்ளி ஆட்டத்தில் இன்னொரு சுவரும் உண்டு: ஒரு டேட்டாஷீட்டை மூன்று தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது; படையின் அடிப்படை யூனிட்டான பேட்டில்லைன் என்றால் ஆறு. பெரிய படைக்கு இது ஒரு வரம்பு. சின்னப் படைக்கு இது கிட்டத்தட்ட ஒரு கட்டளை. நல்ல யூனிட் மூன்றை மும்மூன்றாக எடுத்த பிறகு மிச்சப் புள்ளிகளை நல்லதல்லாததில் போட்டே ஆக வேண்டும். அதனால்தான் ஒரே சின்னப் படையை ஆடும் இரண்டு பேரின் பட்டியலைப் பார்த்தால் கார்பன் பிரதி மாதிரி இருக்கும்.

வேலைக் கணக்கு

ஒரு படைக்கு உண்மையிலேயே என்ன குறை என்று கண்டுபிடிக்க ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். இடது ஓரத்தில் இந்த வேலைகளை எழுதுங்கள்: சொந்தப் பக்கத்து இலக்கைக் காக்கும் மலிவான ஆள், ஆட்டம் தொடங்கும் முன்பே முன்னேறி நிற்கும் வேவு யூனிட், சண்டையில் இறங்காமல் பணிகளை மட்டும் முடிக்கும் ஆள், எதிராளி பின்னால் இறங்கவிடாமல் இடத்தை அடைத்து நிற்கும் கூட்டம், எதிராளிக்கு 9 அங்குலத்துக்கு அப்பால் திடீரென்று இறங்கும் படை, தூரத்திலிருந்து டாங்கை உடைப்பது, நேருக்கு நேர் டாங்கை உடைப்பது, முப்பது நாற்பது பேர் கூட்டத்தைக் கலைப்பது, நடு இலக்கில் அடி வாங்கிக்கொண்டு நிற்பது, கடைசி இரண்டு சுற்றில் மேசையின் அடுத்த மூலைக்கு ஓடுவது. மேசை 60-க்கு 44 அங்குலம், ஆட்டம் ஐந்து சுற்று என்பதால் கடைசி வேலையைப் பலரும் மறந்துவிட்டுத் தோற்கிறார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்யக்கூடிய டேட்டாஷீட்டுகளை எழுதுங்கள். ‘தேவைப்பட்டால் இதுவும் செய்யும்’ என்று தோன்றுவதை எழுதக் கூடாது. அந்த வேலைக்காகவே புள்ளி கொடுத்து வாங்குவீர்களா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் எழுத வேண்டும். எதிரே ஒன்றுமே இல்லையென்றால் அது ஓட்டை. ஒன்றே ஒன்று என்றால் அது கீல். படை முழுவதும் அதில் தொங்குகிறது. கீல் என்று படுவதை உறுதிசெய்ய, அந்த டேட்டாஷீட்டை அடித்துவிட்டு மறுபடி 2000 புள்ளிக்கு ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் பரவாயில்லை. எழுத எழுத எரிச்சல் வந்தால் அதுதான் அடுத்த கிட் வர வேண்டிய இடம். மூன்றோ அதற்கு மேலோ இருக்கும் வரிசையில் புது யூனிட் கேட்பது ஆசை, தேவை கிடையாது.

கஸ்டோடிஸை இந்தத் தாளில் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். நடு இலக்கில் நிற்கும் வரிசை நிரம்பி வழியும்: கார்ட், வார்டன்ஸ், அல்லாரஸ். மலிவான ஆள் என்ற வரிசையில் மெய்க்காவலர் ஒருவரும் இருக்க முடியாது. 2000 புள்ளிக்கு முப்பது உருவம் வைப்பதே கஷ்டமான படையில், நான்கைந்து பேரை வீட்டுப் பக்கத்தில் சும்மா நிறுத்துவது கட்டுப்படியாகாது. அந்த ஓட்டையை அடைத்தது 2016-இல் வந்த ஒரே ஒரு கிட்: சிஸ்டர்ஸ் ஆஃப் சைலன்ஸ். பெட்டியில் ஐந்து பெண்கள். கையில் போல்ட்கன் ஒட்டினால் பிராசிக்யூட்டர்ஸ், நீள்வாள் ஒட்டினால் விஜிலேட்டர்ஸ், நெருப்பு வீசி ஒட்டினால் விட்ச்சீக்கர்ஸ். ஒரு பெட்டி, மூன்று டேட்டாஷீட். கடினம் 3 மட்டுமே உள்ள, சுலபமாகச் சாகக்கூடிய பெண்கள். அதனால் கஸ்டோடிஸின் குணம் கெடவில்லை. பொன்கவசத்தார் முன்னே போக, இவர்கள் பின்னால் நின்று இலக்கைக் காக்கிறார்கள், இடத்தை அடைக்கிறார்கள், பணிகளை முடிக்கிறார்கள். ஒரு சின்னப் படையை எப்படி விரிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் பெட்டியைத்தான்.

அச்சுச் செலவும் நாயகர் பெருக்கமும்

பிளாஸ்டிக் கிட் ஒன்றில் பணம் போவது பிளாஸ்டிக்கில் இல்லை, எஃகு அச்சில். உருகிய பாலிஸ்டைரீனை இரண்டு பாதி எஃகு அச்சுக்குள் அழுத்தி நிரப்பி, ஆறியதும் பிரித்து எடுக்கிறார்கள். இரண்டு பாதியும் நேராகப் பிரிய வேண்டும் என்பதால் உட்குழிவான வடிவம் எதுவும் ஒரே துண்டில் வராது. அதனால்தான் ஒரு ஆளின் தொப்பி தனி, தோள் தனி, கை தனி என்று உதிரிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் சிதறிக் கிடக்கின்றன. அச்சு வெட்டியதும் ஒவ்வொரு சட்டமும் சொற்ப விலையில் வந்து விழும். ஆகவே எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதுதான் முழுக் கணக்கும். இன்டர்செசர்ஸ் கிட்டை அல்ட்ராமரீன் ஆடுபவரும் வாங்குவார், பிளட் ஏஞ்சல்ஸ் ஆடுபவரும் வாங்குவார், ஸ்பேஸ் வுல்வ்ஸ் ஆடுபவரும் வாங்குவார். ட்ரூப் கிட்டை ஹார்லெக்வின் பிரியர் மட்டும்தான் வாங்குவார்.

இந்தக் கணக்கில் சிக்கனமான வழி, கோடெக்ஸுக்கு ஒரு தனி நாயகன். சின்னச் சட்டம் ஒன்று போதும், ஒரே நிலை, மாற்று ஆயுதம் கிடையாது, ஒற்றை உருவத்துக்கு நல்ல விலை. அதனால்தான் சின்னப் படைகளுக்குப் பதிப்புக்குப் பதிப்பு நாயகனாகவே வந்துகொண்டிருக்கிறான். ஜீன்ஸ்டீலர் கல்ட்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 2016-இல் டெத்வாட்ச்: ஓவர்கில் பெட்டியோடு திரும்பி வந்த படை அது. நியோஃபைட், அகோலைட், கோலியாத் டிரக் என்று பதுங்கித் தாக்கும் காலாட்படை நன்றாக அமைந்தது, வேகம்தான் இல்லை. 2019-இல் அட்டலான் ஜாக்கல்ஸ் மோட்டார்பைக்குகளும் அக்கிலிஸ் ரிட்ஜ்ரன்னர் வண்டியும் வந்தன. ஓட்டை சரியாக அடைபட்டது. அதையொட்டிக் கெலர்மார்ஃப், சாங்டஸ், நெக்சோஸ், கிளமாவஸ், லோகஸ், பயோஃபேகஸ், அபாமினன்ட், ஜாக்கல் ஆல்ஃபஸ் என்று நாயகர்களும் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு ரிடக்டஸ் சபோட்டர், 2024-இல் பெனிஃபிக்டஸ். பேட்ரியார்க், மேகஸ், பிரைமஸ், ஐகன்வார்ட் முன்பே இருக்கிறார்கள். இன்று அந்தப் படையில் சண்டை போடும் யூனிட்டுகளைவிட அவற்றை வழிநடத்துபவர்கள் அதிகம்.

ஒவ்வொரு சிற்பமும் அருமையாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. கெலர்மார்ஃபின் மூன்று கைத்துப்பாக்கிகளைப் பெயிண்ட் செய்யாமல் அலமாரியில் வைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் வேலைத் தாளில் இவர்களில் பலர் ஒரே வரியில் போய் நிற்கிறார்கள். நாயகர் பத்துப் பேர் சேர்ந்தாலும் தூரத்து டாங்க் இன்னும் அங்கேயே நிற்கும். அதற்கு அந்தப் படை கையாண்ட வழி கடன்: புரூட் பிரதர்ஸ் என்ற பெயரில் ஆஸ்ட்ரா மிலிட்டேரம் படையின் சில யூனிட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படையின் கேடியன் வீரர்களுக்கு மாட்டத் தலைகளும் சின்னங்களும் கொண்ட ஒரு மேம்பாட்டுச் சட்டமும் வந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. புது அச்சு ஒன்று, அதுவும் சின்னது, ஏற்கெனவே பல பேர் வாங்கும் பெட்டியின் மேல் ஏறிக்கொள்கிறது, கதைக்கும் பொருந்துகிறது.

செலவைப் பகிர இன்னொரு பாதை கில் டீம். ஒரு பக்கத்துக்குப் பத்து உருவம் அளவில் வைத்து ஆடும் சிறு ஆட்டம். அதற்காக வரும் பெட்டி பெரிய ஆட்டத்துக்கும் ஒரு டேட்டாஷீட்டைக் கொண்டுவருகிறது. நெடுங்காலம் ரெசினில் கிடந்த டிருகாரியின் மாண்ட்ரேக்ஸ் பிளாஸ்டிக்கானது இப்படித்தான். வோட்டானின் ஹெர்ன்கின் யேகிர்ஸ் வந்ததும் இப்படித்தான். வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: கில் டீம் சட்டத்தில் நிபுணர்கள் வகைக்கு ஒருவர். சினைப்பர் ஒன்று, வெடி வைப்பவர் ஒன்று, தகவல் தொடர்பாளர் ஒன்று. பெரிய ஆட்டத்தில் அதே யூனிட்டை மூன்று எடுத்தால் ஒரே முகம், ஒரே நிலை மூன்று முறை மேசையில் நிற்கும். இரண்டாம் பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே தலைகளையும் முன்கைகளையும் பிரித்து வைத்துக் கலந்து ஒட்டினால் இந்தச் சலிப்பைத் தவிர்க்கலாம். கழுத்துக்குழி ஆழம் எல்லாக் கிட்டிலும் ஒன்று இல்லை. ஒட்டும் முன் புளூ டேக் (பிரித்தெடுக்கக்கூடிய ஒட்டுக்களி) வைத்துப் பொருத்திப் பார்ப்பது அவசியம்.

நல்ல விரிவு எப்படி இருக்கும்

வோட்டானின் இரண்டாம் அலை, 2025. முதல் அலையில் என்ன இல்லை என்று பார்ப்போம். காலாட்படை 5 அங்குலம்தான் நடக்கும். வேகம் என்றால் ஹெர்ன்கின் பயனியர்ஸ் மட்டும். மறைவில் இருப்பவனை அடிக்கும் பீரங்கி இல்லை. ஆள் ஏற்றும் வண்டி என்றால் சாகிடார், இல்லாவிட்டால் பென்னம்பெரிய ஹெகடான் லேண்ட் ஃபோர்ட்ரஸ். இரண்டாம் அலையில் கப்ரிகஸ் என்ற சின்ன வேக வண்டி வந்தது. மறைவின் பின்னாலும் குண்டு போடும் சதோனியன் எர்த்‌ஷேக்கர்ஸ் வந்தது. ஏற்கெனவே கில் டீமில் வந்த யேகிர்ஸ் வேவு வேலையை எடுத்துக்கொண்டது. குள்ளர்கள் இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறார்கள், அதைத் தொடவில்லை. வேகம் வேண்டும் என்றால் வண்டிக்குப் புள்ளி கொடுக்க வேண்டும், வண்டியை எதிராளி உடைத்தால் திரும்பவும் நடைதான். படையின் பலவீனத்தைத் துடைத்தெறியாமல், அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு விலையுள்ள வழி கொடுப்பது என்றால் இதுதான். 1980-களின் இறுதியில் ஸ்குவாட்ஸ் என்ற பெயரில் இருந்து, தொண்ணூறுகளில் காணாமலே போன ஒரு இனம் இந்த நிலைக்கு வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

க்ரூட் இன்னொரு வகை. 2001-இல் டாவ் படையோடு வந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே கார்னிவோர்ஸ் கிட். 2024-இல் அந்தக் கிட் புதிதாக வார்க்கப்பட்டது. கூடவே க்ரூடாக்ஸ் ராம்பேஜர்ஸ், லோன்-ஸ்பியர், மூன்று வகை ஷேப்பர்கள், க்ரூட்டை மட்டுமே வைத்து ஆட ஒரு டிடாச்மெண்ட் (சிறப்பு விதித் தொகுப்பு). தனி கோடெக்ஸ் கேட்டவர்களுக்கு ஏமாற்றம் இருந்தது. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. தனிப் புத்தகம் கொடுத்திருந்தால் இன்னொரு எட்டு யூனிட் படை பிறந்து ஹார்லெக்வின்ஸின் தலைவிதியைச் சுமந்திருக்கும். டாவின் புத்தகத்துக்குள் இருப்பதால், டாங்கை உடைக்க டாவின் துப்பாக்கி பக்கத்திலேயே இருக்கிறது. டாவுக்கோ கைகலப்புக்கும் இடத்தை அடைக்கவும் மெல்லிய தோல் கொண்ட ஒரு கூட்டம் கிடைத்தது.

சின்னப் படைகள் எல்லாம் சின்னதாகப் பிறந்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெட்டி எடுக்கப்பட்டவை உண்டு. 2023-இல் வேர்ல்ட் ஈட்டர்ஸும் 2025-இல் எம்பரர்ஸ் சில்ட்ரனும் கேயாஸ் ஸ்பேஸ் மரீனிலிருந்து பிரிந்து தனிப் புத்தகம் பெற்றார்கள். புதுச் சிற்பங்கள் அற்புதம், ஃபுல்கிரிம் உட்பட. ஆனால் எம்பரர்ஸ் சில்ட்ரன் புத்தகத்தில் பிரெடேட்டர் இல்லை, ஹெல்புரூட் இல்லை. பல வருடமாக ஊதா நிறத்தில் அவற்றைப் பெயிண்ட் செய்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் அவற்றைப் பெட்டியில் போட வேண்டி வந்தது. புது அச்சு எதுவும் தேவைப்படாத இடம் இது. ஹெல்புரூட் கிட் கடையில் இருக்கிறது. புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்த்தால் போதும். தூரத்திலிருந்து டாங்கை உடைக்கும் வரிசையில் அந்தப் படை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்தால், அந்தப் பக்கத்தை ஏன் சேர்க்கவில்லை என்ற கோபம் நியாயமானது என்று தெரியும்.

கூட்டணி என்ற குறுக்குவழி

புது கிட் எதற்கு, பக்கத்துப் படையிலிருந்து கடன் வாங்கலாமே என்பார்கள். எட்டாம் பதிப்பில் அது நடந்து பார்த்தாகிவிட்டது. ஆஸ்ட்ரா மிலிட்டேரத்தின் கம்பெனி கமாண்டர் இரண்டு பேர், பத்துப் பேர் கொண்ட காலாட்படைக் குழு மூன்று. மொத்தம் 32 பேர், விலை 180 புள்ளி. இதை ஒரு பட்டாலியனாகக் கணக்கிட்டு, சிறப்பு உத்திகளுக்குச் செலவிடும் கமாண்ட் பாயிண்ட் 5 கிடைத்தது. 2018-19 போட்டிகளில் நைட் காஸ்டெலன் வைத்திருந்தவரும் இந்த 32 பேரை வைத்தார், பிளட் ஏஞ்சல்ஸ் கேப்டனை வைத்திருந்தவரும் இதே 32 பேரை வைத்தார். ஓட்டை எல்லோருக்கும் அடைபட்டது, எல்லோருக்கும் ஒரே சாந்தால். படைகளுக்குள் வேறுபாடு மங்கியது. 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, இப்படிச் சேர்க்கும் கூடுதல் படைப்பிரிவுக்கு (அன்று டிடாச்மெண்ட் என்றால் இதுதான்) கமாண்ட் பாயிண்டையே விலையாக வைத்தது.

குறுகிய கடன் வேறு. ஜீன்ஸ்டீலர் கல்ட்ஸுக்கு மட்டும் புரூட் பிரதர்ஸ். நைட்ஸ் போன்ற பேரரசுப் படைகளுக்கு இம்பீரியல் ஏஜென்ட்ஸிலிருந்து வரம்போடு ஒன்றிரண்டு யூனிட். இம்பீரியல் நைட்ஸுக்கு இதுவே போதும். அந்தப் படைக்கென்று காலாட்படை கிட் ஒன்று வார்த்தால், நடக்கும் கோட்டைகள் மட்டுமே கொண்ட ஒரே பேரரசுப் படை இன்னொரு சாதாரணப் படையாகிவிடும். நைட் ஆடுபவர் விரிவை வேறு இடத்தில் தேடலாம்: பெட்டிக்குள்ளேயே.

2015-இல் வந்த குவெஸ்டோரிஸ் நைட் கிட்டில் பலாடின், எரன்ட், வார்டன், கேலன்ட், குருசேடர் ஐந்துக்கும் ஆயுதங்கள் உண்டு. கையை ஒட்டிவிட்டால் ஒன்று. காந்தம் வைத்தால் ஐந்தும். தோள் மூட்டிலும் ஆயுதத்தின் மேல்முனையிலும் 6 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் நியோடிமியம் காந்தம் போதுமான பிடி கொடுக்கும். முதலில் 2 மி.மீ. துளை, பிறகு அதையே வழியாக வைத்து 6 மி.மீ.; நேரடியாகப் பெரிய முனையை வைத்தால் வழுக்கி மூட்டின் விளிம்பைச் சீவிவிடும். காந்தம் உலோகம், பிளாஸ்டிக் சிமெண்ட் அதைப் பிடிக்காது. சூப்பர் குளூ ஒரு சொட்டு. எல்லோரும் சறுக்கும் இடம் துருவம். எல்லா காந்தங்களையும் ஒரே அடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் எடுக்கும்போது மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். உடலில் புள்ளி வெளியே பார்க்க வேண்டும், ஆயுதத்தில் புள்ளி உள்ளே போக வேண்டும். பசை காயும் முன் இரண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள். காந்தம் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒட்டிவிடும்.

வீட்டிலேயே ஒரு யூனிட்

நண்பர்களுக்குள் ஆடுபவர்கள் அடுத்த கோடெக்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தாளில் கண்ட ஓட்டைக்குத் தாங்களே ஒரு யூனிட் எழுதலாம். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. வேறொரு படையின் டேட்டாஷீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை மாற்றாதீர்கள். உங்கள் படைக்குரிய சிறப்பு விதியை மட்டும் அதற்குக் கொடுத்து, பழைய சிறப்பு விதியை எடுத்துவிடுங்கள். விலையை மூலத்தைவிடப் பத்து சதவீதம் கூட்டி வையுங்கள். ஆட்டங்களுக்கு நடுவே விலையை மட்டும் மாற்றுங்கள், எண்களைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பெரும்பாலும் கெடுவது விலையில் இல்லை, சேர்க்கையில். மூலப் படையில் சாதுவாக இருந்த துப்பாக்கி உங்கள் படையின் நாயகன் தரும் மறுவீச்சோடு சேர்ந்ததும் வெறி பிடிக்கும். எழுதும்போதே உங்கள் படையில் மறுவீச்சும் கூடுதல் காயமும் கொடுக்கும் ஒவ்வொரு விதியோடும் சேர்த்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பத்தியில் செய்த அதே கணக்குதான்: அடி, காயம், காப்பு, சேதம்.

உருவத்துக்கு, அடித்தட்டு மூலத்தின் அளவிலேயே இருக்கட்டும். உயரமும் ஏறக்குறைய அதே. பார்வைக்கோடு உண்மையான உருவத்தை வைத்துப் பார்க்கப்படுவதால், குட்டையாக வார்த்த டாங்க் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நியாயமில்லாத சாதகம் எடுக்கும். முக்கிய ஆயுதம் மூன்றடி தூரத்திலிருந்தே இன்னது என்று தெரிய வேண்டும். ரெசினில் அச்சடித்தால் வீட்டு ஆட்டத்துக்குத் தடையில்லை. கேம்ஸ் வொர்க்‌ஷாப் தானே நடத்தும் போட்டிகளில் அதன் சொந்த உருவங்கள்தான் செல்லும். அங்கே போகும் எண்ணம் இருந்தால், பல கிட்டுகளின் உதிரிகளைக் கலந்து ஒட்டும் கிட்பாஷ்தான் வழி. உதிரிகள் எல்லாம் அவர்களுடைய சட்டத்திலிருந்தே வர வேண்டும்.

கஸ்டோடிஸ் ஆடுபவருக்கு இந்த முறையில் நான் எழுதித் தரச் சொன்னால் முதலில் எழுதுவது ஒரு பிளாஸ்டிக் கிராவ்-டாங்க்: ஒரே உடல், மேல்கோபுரத்தில் இரண்டு விதத் துப்பாக்கி, ஒன்று டாங்குக்கு, ஒன்று கூட்டத்துக்கு. உள்ளே ஆள் ஏற இடம் இல்லை. ஹார்லெக்வின்ஸுக்கு எதுவும் எழுத மாட்டேன். ஏல்டாரியின் புத்தகத்துக்குள் வந்த பிறகு ஓட்டை அடைக்க அண்டை வீட்டு ஃபயர் ப்ரிசம் இருக்கிறது. கிரே நைட்ஸுக்கு வேண்டியது புது யூனிட் இல்லை, 2011-இல் வார்த்த ஸ்ட்ரைக் ஸ்குவாடையும் டெர்மினேட்டரையும் இன்றைய அளவில் மறுபடி வார்ப்பது. பக்கத்தில் இன்றைய ஸ்பேஸ் மரீன் ஒருவரை நிறுத்தினால் அந்தப் பழைய வீரர் தோள்வரைதான் வருகிறார்.